14 சர்வருக்கு அனுப்பியது 400 சர்வருக்குப் போனபோது

மதியம் 3:40க்கு அனுப்பினேன். 14 டெஸ்ட் சர்வர்களில் ஜாவா 11 போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஜாவா என்பது எங்கள் அப்ளிகேஷன்கள் ஓடத் தேவையான மென்பொருள். அதுவரை எங்கள் அப்ளிகேஷன்களில் பெரும்பாலானவை ஜாவா 8இல் ஓடிக்கொண்டிருந்தன. மாறுவதற்கு முன் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு சிறு குழுவைப் பிரித்து வைத்திருந்தோம்.

3:51க்கு ஒரு அலர்ட் வந்தது. டெஸ்ட் சர்வரிலிருந்து அல்ல, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் ஒரு சர்வீஸிலிருந்து. இதற்கும் என் வேலைக்கும் தொடர்பில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். இரண்டு நிமிடத்தில் அடுத்தடுத்து மூன்று அலர்ட். அப்போதுதான் கன்சோலைத் திறந்தேன். 'வெற்றி' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் 14 இருக்க வேண்டிய இடத்தில் 271 இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 274 ஆனது.

என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே இடத்திலிருந்து பல சர்வர்களுக்கு மென்பொருள் அனுப்பும் எங்கள் கருவியில், எந்தெந்த சர்வர்களுக்குப் போக வேண்டும் என்பதை ஒரு வடிகட்டியாக எழுத வேண்டும். சர்வர் குழுவின் பெயர் வேறொரு கோப்பில் ஒரு மாறியில் (வேரியபிள்) இருக்கும், வடிகட்டி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். முதலில் எழுதியபோது முன்னோட்டம் பார்த்தேன், 14 என்று சரியாகக் காட்டியது. அதன்பிறகு அந்த மாறியின் பெயரை இன்னும் தெளிவாக இருக்கட்டும் என்று மாற்றினேன். ஒரு இடத்தில் மாற்றினேன், இன்னொரு இடத்தில் விட்டுவிட்டேன். குழுவின் பெயர் காலியாகப் போனது. வடிகட்டி காலியாக இருந்தால் 'எல்லா சர்வர்களும்' என்று அந்தக் கருவி எடுத்துக்கொள்ளும். மாற்றிய பிறகு மறுபடி முன்னோட்டம் பார்க்கவில்லை. எங்களிடம் இருந்த லினக்ஸ் சர்வர்கள் 640.

ஒவ்வொரு சர்வரிலும் ஒரு ஏஜென்ட் உண்டு. அது 30 நிமிடத்துக்கு ஒருமுறை மையச் சர்வரிடம் வந்து புதிய வேலை இருக்கிறதா என்று கேட்கும். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நெரியக்கூடாது என்பதற்காக அவற்றின் நேரம் பரவலாக வைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் 640ம் ஒரே நொடியில் மாறாமல் நிமிடத்துக்கு இருபது இருபதாக மாறிக்கொண்டிருந்தன. அந்த எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்தபோது நான் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று தப்பு. இன்னொன்று தப்பாகியிருக்கும், ஒருவர் தடுத்தார்.

முதலாவது: எனக்கு முக்கியம் என்று தோன்றிய சர்வர்களுக்குள் அவசரமாக நுழைந்து, ஓடிக்கொண்டிருந்த இன்ஸ்டாலைக் கையால் கொன்றேன். அப்படி ஒன்பது. இன்ஸ்டால் ஓடும்போது நடுவில் நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பாது. கோப்புகள் பிரிக்கப்பட்டு, அமைப்பு முடியாமல், பாதியில் நிற்கும். அதன்பின் அந்த சர்வரில் வேறு எதையும் போடவோ எடுக்கவோ போனால், மென்பொருள்களைப் போட்டு எடுக்கும் பேக்கேஜ் மேனேஜர் முரண்டு பிடிக்கும். கெடாத ஒன்பது சர்வர்களைக் காப்பாற்றுவதாக நினைத்து, கெட்ட சர்வர்களையும்விட மோசமான நிலையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

இரண்டாவது: மையச் சர்வரையே அணைத்துவிடலாம் என்று கட்டளையைத் தட்டச்சு செய்துவிட்டேன், என்டர் மட்டும்தான் பாக்கி. அந்த நேரத்தில் எங்கள் குழுவின் மூத்தவர் என் இருக்கைக்கு வந்தார். திரையைப் பார்த்தார்.

"என்ன போச்சு, எங்க போச்சு, மொதல்ல அதைச் சொல்லு."

"ஜாவா 11, மேடம். எல்லா சர்வருக்கும். நான்தான் அனுப்பினேன்."

"சரி. மெயின் சர்வரை அணைக்காதே. ரெப்போல இருந்து பேக்கேஜை எடு."

அவர் சொன்னதற்குக் காரணம் எனக்குப் பின்னால்தான் முழுதாகப் புரிந்தது. எங்கள் ஏஜென்ட்கள் மையச் சர்வர் கிடைக்காவிட்டால் சும்மா இருக்காது. கடைசியாக வாங்கிய கட்டளையை ஒரு பிரதியாக வைத்திருக்கும், அதையே செயல்படுத்தும். இணைப்பு அறுந்தாலும் சர்வர்கள் ஒழுங்கான நிலையில் இருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு அது. கட்டளையை வாங்கிவிட்டு இன்னும் முடிக்காத ஏஜென்ட்களை, மையத்தை அணைத்து நிறுத்த முடியாது. நாங்களும் எண்ணிக்கையைப் பார்க்க வழியில்லாமல் குருடாகியிருப்போம். ஆனால் பேக்கேஜ் கிடங்கிலிருந்து அந்தக் கோப்பை எடுத்துவிட்டால், வரும் ஏஜென்ட் கேட்கும், கிடைக்காது, 'தோல்வி' என்று எழுதிவிட்டுப் போய்விடும். அந்தத் தோல்வி யாரையும் கெடுக்காது.

3:58க்குக் கோப்பை எடுத்தோம். உடனே எல்லா ஏஜென்ட்களையும் எதையும் மாற்றாமல் அறிக்கை மட்டும் தரும் நிலைக்குத் தள்ளினோம். எண்ணிக்கை 391இல் நின்றது. நான் பாதியில் கொன்ற 9ஐயும் சேர்த்தால் 400.

அதன் பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தோம். மையச் சர்வரும் அந்த 640இல் ஒன்று. அதன் மேலாண்மை மென்பொருளே ஜாவாவில் ஓடுவது. அதனுடைய ஏஜென்ட்டின் முறை 4:04க்கு. இன்னும் ஆறு நிமிடம் போயிருந்தால், மீட்க வேண்டிய கருவியும் மீட்கப்பட வேண்டியவற்றின் வரிசையில் சேர்ந்திருக்கும். 2014 மே மாதம் எமரி பல்கலைக்கழகத்தில் இதுதான் நடந்தது. விண்டோஸ் 7ஐப் புதிதாகப் போடும் இமேஜ், அதாவது முழு வட்டுக்கான நகல், தவறுதலாக எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் போய்விட்டது. மடிக்கணினி, மேசைக்கணினி, சர்வர் எல்லாவற்றுக்கும். அனுப்பிக்கொண்டிருந்த சர்வரும் அதில் தப்பவில்லை. தவறைக் கண்டுபிடித்தபோது அதன் வட்டும் அழிந்திருந்தது. அந்தக் குழுவின் அன்றைய இரவை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எங்களுக்குக் கருவி மிஞ்சியது. அவர்களுக்கு அதுவும் இல்லை.

நாலு மணிக்கெல்லாம் ஒரு அழைப்பில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். மேடம் மூன்று பேருக்கு மூன்று வேலை கொடுத்தார். ஒருவர் நேரத்தோடு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் நிர்வாகத்தின் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், மற்ற யாரும் அந்தத் தொலைபேசியை எடுக்கக்கூடாது. மூன்றாவது ஆள் நான். அனுப்பியவன் நான் என்பதால் எது எந்த வரிசையில் ஓடியது என்று எனக்குத்தான் அதிகம் தெரியும், அதனால் நான் விசைப்பலகையில் இருக்க வேண்டும் என்றார். என்னை ஒதுக்கி உட்கார வைத்துவிடுவார்கள் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அவர் அப்படிச் செய்யாதது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று அவருக்குத் தெரியுமோ தெரியாது.

4:10க்குள் ரோல்பேக், அதாவது பழைய நிலைக்குத் திருப்பும் கட்டளை, எழுதி முடித்துவிட்டேன். ஜாவா 11ஐ நீக்கு, ஜாவா 8 இருக்கிறதா என்று உறுதிசெய், சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய். சுத்தமாக இருந்தது. காட்டினேன்.

"இது எத்தனை சர்வருக்குப் போகும்?"

"எல்லாத்துக்கும்."

"அப்போ இதுவும் அதே மாதிரி ஒரு டெப்ளாய்மென்ட்தானே?"

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்விக்காகத்தான். பழையபடி ஆக்குவது என்றால் நடந்ததை அழிப்பது என்று நம் மனம் எடுத்துக்கொள்கிறது. சர்வர்களைப் பொறுத்தவரை அது இன்னொரு மாற்றம். அதே 640 சர்வர்கள், அதே கருவி, அதே ஆள். ஆனால் இந்தமுறை கை நடுங்கிக்கொண்டிருக்கிறது, சோதனை எதுவும் செய்யவில்லை.

2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததை இந்தத் துறையில் இருப்பவர்கள் பலர் கேட்டிருப்பீர்கள். 8 சர்வர்களில் புதிய நிரல் போக வேண்டியது, 7இல்தான் போனது. எட்டாவதில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு ஆர்டர்களைக் கொட்ட ஆரம்பித்தது. இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி அடுத்தது. கோளாறு எங்கே என்று தெரியாத நிலையில், சரியாகப் போயிருந்த அந்த 7 சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்துவிட்டார்கள். பழைய நிரல் எட்டிலும் ஓடியது. கோளாறு இன்னும் பெருகியது. சுமார் 45 நிமிடத்தில் கொட்டிய ஆர்டர்களால் ஏற்பட்ட நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் பதிவு செய்தது. தெரியாமல் செய்த பிழையைவிட, அதைத் திருத்த எடுத்த முயற்சி அங்கே நெருப்பில் எண்ணெயாகிவிட்டது.

என் ரோல்பேக்கும் அதைத்தான் செய்திருக்கும். எங்களிடம் 31 சர்வர்கள் முன்பே, முறையாகவே, ஜாவா 11இல் ஓடிக்கொண்டிருந்தன. புதிதாக எழுதப்பட்ட அப்ளிகேஷன்கள். மதியம் நான் அனுப்பியது அவற்றைத் தொடவே இல்லை, ஏற்கெனவே இருந்ததால் சும்மா கடந்துபோயிருந்தது. என் ரோல்பேக் போயிருந்தால் அன்று கொஞ்சமும் பாதிக்கப்படாத அந்த 31ஐயும் நானே வீழ்த்தியிருப்பேன். எழுதும்போது அந்த 31 எனக்கு நினைவுக்கே வரவில்லை.

அதனால் முதலில் எந்த சர்வரில் உண்மையில் என்ன ஆனது என்று கணக்கெடுக்க உட்கார்ந்தோம். வெளியே சர்வீஸ்கள் விழுந்து கிடக்கும்போது கணக்கெடுப்பது கொடுமையாக இருக்கும். நிர்வாகத்தோடு பேசிக்கொண்டிருந்தவர் 'இன்னும் சரிசெய்ய ஆரம்பிக்கவில்லையா' என்ற கேள்வியை எத்தனை முறை தாங்கினாரோ. கன்சோல் 'வெற்றி' என்று சொல்வதை வைத்துக் கணக்குப் போட முடியாது. அது சொல்வது பேக்கேஜ் போய்ச் சேர்ந்ததை மட்டும்தான். ஒவ்வொரு சர்வரிலும் இருந்த லாக், அதாவது நடந்ததைப் பதியும் கோப்புதான் சாட்சி. டெபியன் வகை லினக்ஸில் ஒரு நல்ல வசதி உண்டு. 'ஜாவா' என்று கூப்பிட்டால் எந்தப் பதிப்பு ஓட வேண்டும் என்பதை ஒரு சுட்டி தீர்மானிக்கும். ஆல்டர்நேட்டிவ்ஸ் என்பார்கள். அந்தச் சுட்டி எப்போது எதற்கு மாறியது என்பது தனி லாக்கில் நேரத்தோடு பதிவாகும். அதைத்தான் 640இலிருந்தும் சேகரித்தோம், படிக்க மட்டும் செய்யும் கட்டளையால்.

படம் தெளிந்தது. ஜாவா 11 வந்திருந்த 391இல் 163 சர்வர்களில் ஜாவா அப்ளிகேஷனே கிடையாது. கோப்புகள் வந்து சும்மா கிடந்தன. மீதியில் 94 சர்வர்களில் அப்ளிகேஷன்கள் ஜாவா 8ஐ முழுப் பாதை கொடுத்துக் கூப்பிட்டன. சுட்டி மாறியதே அவற்றுக்குத் தெரியாது. 61இல் சர்வீஸ் எழவே இல்லை. ஜாவா 8இல் கூடவே வந்த ஜாக்ஸ்பி போன்ற சில நிரல் நூலகங்கள் ஜாவா 11இல் நீக்கப்பட்டுவிட்டன. அவற்றை நம்பி எழுதப்பட்ட நிரல் எழும்போதே அந்த நூலகத்தின் பகுதி இல்லை என்று சொல்லி விழும். அலர்ட்கள் எல்லாம் இந்த 61இலிருந்து வந்தவை.

மிச்சம் இருந்த 73தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவற்றில் பல ரீஸ்டார்ட் ஆகவில்லை. நினைவகத்தில் பழைய ஜாவாவே ஓடிக்கொண்டிருந்தது, எல்லாம் பச்சை. ஆனால் அடுத்தமுறை எழும்போது புதியதைத்தான் எடுக்கும். சிலவற்றில் நள்ளிரவில் லாக் சுழற்சியின்போது சர்வீஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகும் ஏற்பாடு இருந்தது. ஆக எங்களுக்குக் கெடு நள்ளிரவு 12.

தீர்வு நான் எழுதியதைவிட மிகச் சிறியதாக அமைந்தது. ஜாவா 8 எங்கும் நீங்கவில்லை. எதையும் நீக்க வேண்டாம், போட வேண்டாம். இன்று மாறியதாக லாக் சொல்லும் சர்வர்களில் மட்டும் சுட்டியைப் பழைய இடத்துக்குத் திருப்பினால் போதும். ரீஸ்டார்ட் ஆகாத சர்வர்களில் அதற்குமேல் ஒன்றுமே செய்ய வேண்டாம். நான் பாதியில் கொன்ற ஒன்பதில் மட்டும் ஒரு விசித்திரம். அவற்றில் ஜாவா 11இன் இன்ஸ்டாலை முதலில் ஒழுங்காக முடித்து வைக்க வேண்டியிருந்தது. முடித்த பிறகுதான் சுட்டியைத் திருப்ப முடிந்தது. பின்னால் போக முன்னால் ஒரு அடி வைக்க வேண்டியதாயிற்று.

முதலில் ஒரே ஒரு சர்வர். பத்து நிமிடம் பார்த்தோம். அப்புறம் ஐந்து. அப்புறம் இருபது என்று போனபோது புதிதாக ஒன்று இடித்தது. இருபது சர்வீஸ்களும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே டேட்டாபேஸிடம் இணைப்புக் கேட்டன. நாங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸில் தனியாக மாற்றாவிட்டால் மொத்த இணைப்பு வரம்பு 100. எங்களுடையதை யாரும் மாற்றியிருக்கவில்லை. வரம்பு நிரம்பி, அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வீஸ்களும் திணறின. மறுபடி ஐந்து ஐந்தாக, நடுவில் இரண்டு நிமிடம் விட்டு. அந்த இரண்டு நிமிடங்கள் நீளமானவை. ஆனால் அந்த இடைவெளியில்தான் யாராவது 'இது சரியா இருக்கா' என்று கேட்க முடிந்தது.

11:20க்கு எல்லாச் சுட்டிகளும் திரும்பிவிட்டன. உள்ளே நுழைந்து வேலை செய்ய எங்களுக்குக் கடைசிவரை வழி இருந்ததுதான் இது ஒரே இரவில் முடிந்ததற்குக் காரணம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பு விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியதே, அந்தக் கோப்பை அவர்கள் 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. எழும்போதே விழும் கணினி, திருத்தம் வந்திருக்கிறதா என்று போய்க் கேட்க முடியாது. பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கணினியின் முன்னும் போய் உட்கார்ந்து அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் நீளமான மீட்புச் சாவியைத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரும் விழுந்திருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை அதன் பிறகு நாங்களும் எங்கள் குழுவில் கேட்டோம். எங்கள் சாவிகளின் ஒரு பிரதி இப்போது வேறிடத்தில் இருக்கிறது.

அன்றிரவே நாங்கள் தவறவிட்ட ஒன்றும் உண்டு. மறுநாள் காலை கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, நேற்று மாலை வர வேண்டிய அறிக்கை வரவில்லை என்றார். எங்கள் திரையில் அந்த சர்வீஸ் பச்சை. பார்த்தால், அது ஜாவா 11இல் அழகாக எழுந்து ஓடியிருக்கிறது. ஆனால் அது பேச வேண்டிய மறுமுனை, இணைப்பைக் குறியாக்கம் செய்யும் பழைய முறையான டிஎல்எஸ் 1.0 மட்டுமே தெரிந்த மிகப் பழைய கருவி. 2021 ஏப்ரல் முதல் வந்த ஜாவா புதுப்பிப்புகளில் அந்த முறை இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். மாலை முழுக்க முயன்று, தோற்று, தன் லாக்கில் மட்டும் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறது. இரவு சுட்டியைத் திருப்பினோம், ஆனால் அது எழுந்துதானே இருக்கிறது என்று ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டுவிட்டோம். இப்போதெல்லாம் சரிபார்ப்புப் பட்டியலில் சர்வீஸ் ஓடுகிறதா என்று மட்டும் எழுதுவதில்லை. கடைசியாக எப்போது ஒரு வேலையை முடித்தது என்று எழுதுகிறேன்.

அடுத்த நாள் கூட்டத்தில் மேடம் கேட்ட முதல் கேள்வி, காலியாக இருந்தால் ஏன் எல்லாம் என்று அர்த்தம் என்பது. அதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்று இன்றும் நினைக்கிறேன். பெயரைத் தப்பாக மாற்றியது நான், அதை யாரும் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. ஆனால் பெயரைத் தப்பாக மாற்றுபவர்கள் எப்போதும் இருப்பார்கள். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை விழுந்ததும் ஒரு கட்டளையில் ஒரு மதிப்பு தப்பாகப் போனதால்தான். எடுக்க நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் எடுக்கப்பட்டன. அதன் பிறகு அவர்கள் அந்தக் கருவியையே மாற்றினார்கள், சர்வர்களை மெதுவாகத்தான் எடுக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாது. எங்கள் கருவியில் இப்போது வடிகட்டி காலியாக இருந்தால் கட்டளை ஓடாது. அனுப்புபவர் எத்தனை சர்வர்கள் என்ற எண்ணைத் தன் கையால் தட்டச்சு செய்ய வேண்டும், அது கருவியின் கணக்கோடு பொருந்த வேண்டும். 20க்கு மேல் போனால் இரண்டாவது ஆள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆறு வாரம் கழித்து, புதிதாக உருவாக்கிய நான்கு சர்வர்களில் ஒரு அப்ளிகேஷன் எழவில்லை. லாக்கைத் திறந்தேன். ஜாக்ஸ்பி இல்லை என்ற அதே வரி. யாரும் அந்த சர்வர்களில் ஜாவா 11 போடவில்லை.

அந்த 163 ஞாபகம் இருக்கிறதா? ஜாவா அப்ளிகேஷன் இல்லாததால் பாதகமில்லை என்று அன்று அப்படியே விட்ட சர்வர்கள். அவற்றில் ஒன்றிலிருந்துதான் தினமும் இரவு ஒரு மணிக்குப் புதிய சர்வர்களுக்கான இமேஜ் எடுக்கப்படுகிறது. அதில் ஜாவா 11 சும்மா கிடந்தது. அந்த இமேஜிலிருந்து பிறந்த சர்வரில் ஜாவா 8ஐப் போட்டாலும், இரண்டில் முன்னுரிமை அதிகமான 11ஐத்தான் சுட்டி தானாகப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் இமேஜ் எடுக்கும் அந்த சர்வரைச் சுத்தம் செய்து, புதிய இமேஜ் எடுத்து, ஆறு வார இமேஜ்களையும் பயன்படுத்தக் கூடாது என்று குறித்துவைத்தோம். மிச்சம் 162. பத்துப் பத்தாக, நான்கு நாள் ஆனது. பத்துக்கு இரண்டாவது ஆள் தேவையில்லை என்பதுதான் விதி, ஆனாலும் ஒவ்வொரு முறையும் மேடத்தை அழைத்தேன். நான் எண்ணைத் தட்டச்சு செய்வேன், அவர் திரையைப் பார்த்து அதைச் சத்தமாகப் படிப்பார், நான் என்டரை அழுத்துவேன். கடைசி முறை இரண்டு சர்வர்தான் மீதி. அதையும் படித்தார்.